ஷெட்டில் நிற்கும் காருக்கு என்ன விலை?

உங்கள் கையில் இருக்கும் வளையலின் விலை உங்களுக்குத் தெரியும். காலையில் பத்திரிகையைப் பிரித்தால் கிராம் என்ன விலை என்று போட்டிருக்கிறது. எத்தனை கிராம் என்பது உங்களுக்கு மனப்பாடம். பெருக்கினால் தீர்ந்தது. சேதாரம், கூலி என்று கடைக்காரர் சொல்வதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஜாலம் என்பதுகூட உங்களுக்கு அத்துப்படி.

ஆனால், வீட்டு ஷெட்டில் துணி போர்த்தி நிற்கிறதே, உங்கள் மாமனார் ஆசை ஆசையாக வாங்கிய பழைய கார், அதன் விலை என்ன?

"அதுவா! காயலான் கடைக்காரன்கூட யோசிப்பான்" என்பார் வீட்டுக்காரர். ஒரு மாதம் கழித்து யாராவது வந்து, "ஸார், வண்டியைக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்கட்டும். "கோடி ரூபாய் கொடுத்தாலும் கொடுக்க மாட்டேன்!" என்று மார்பை நிமிர்த்துவார். இரண்டையும் சொல்கிறவர் ஒரே மனிதர்தான். இன்ஷ்யூரன்ஸ் பணம் கட்டும் தினத்தில் முதல் பதில். விலைக்குக் கேட்கும் தினத்தில் இரண்டாவது பதில்!

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் எங்கேயோ உண்மையான தொகை ஒன்று ஒளிந்துகொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்துப் பாலிசியில் எழுதி வைக்காமற்போனால் என்ன ஆகும்? மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த ஒரு மாமிக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்கிறேன். கேளுங்கள்.

வேப்பமரம் விழுந்த கதை

மாமியின் வீட்டுக் கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம் ஊர்க் கார் என்றே சொல்லலாம். சென்னையை அடுத்த வண்டலூர்த் தொழிற்சாலையில் 1961 முதல் தயாராகி வெளிவந்தது. இங்கிலாந்தில் பிறந்த வண்டிதான். அதற்கு உருவம் வரைந்து கொடுத்தவர் இத்தாலியரான மிக்கலாட்டி. ஆனாலும் மதராஸ்காரர்கள் அதைத் தங்கள் வீட்டுப் பெண்போலவே கொண்டாடினார்கள்.

1967-ல் மாமியின் கணவர் அதை வாங்கினார். அந்தக் காரில்தான் மாமி டிரைவிங் கற்றுக்கொண்டார். பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனதும் அதில்தான். பேரனைத் துணியில் சுற்றித் திரும்ப அழைத்து வந்ததும் அதில்தான். 2009-ல் கணவர் காலமான பிறகும் மாமி காரை விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் மெக்கானிக் வந்து ஸ்டார்ட் செய்து, தெருமுனை வரை ஓட்டிவிட்டுக் கொண்டு வந்து நிறுத்துவார். அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் மாமி காப்பி குடிப்பார்.

வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்ட் டெலிபோனில் கூப்பிடுவார்.

"மாமி, இந்த வருஷமும் அதே நாற்பதாயிரம் போட்டுடட்டுமா?"

"போடுங்கோ, போடுங்கோ. யார் அதை எடுத்துண்டு போய் மோதப் போறா?"

பெங்களூரிலிருந்து பிள்ளையும் ஆமோதிப்பான். "தொகை குறைச்சலா இருந்தா பிரீமியமும் குறைச்சல், அம்மா. பழைய வண்டிக்கு அதுவே ஜாஸ்தி."

2016 டிசம்பர் 12-ஆம் தேதி. வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்ட தினம். நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தனவே, நினைவிருக்கிறதல்லவா? மாமி வீட்டு வேப்பமரத்தின் பெரிய கிளை ஒன்று ஷெட்டின் ஓட்டைப் பொத்துக்கொண்டு ஹெரால்டின் மூக்கின்மேல் விழுந்தது.

மற்றக் கார்களானால் பானெட் வேறு, மட்கார்டு வேறு. ஹெரால்டில் அப்படியில்லை. பானெட்டும் முன்பக்க மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். எஞ்சினைப் பார்ப்பதற்கு அவ்வளவு வசதி! ஆனால் அடிபட்டால் முகம் முழுவதும் அடிபட்ட மாதிரி. புது மூடி கடையில் கிடைக்காது. பழைய வண்டி எதிலிருந்தாவது தேடி எடுக்க வேண்டும், அல்லது கை தேர்ந்த டிங்கர் ஒருவர் நாள் கணக்கில் உட்கார்ந்து தட்டி எடுக்க வேண்டும். ஒர்க் ஷாப்பில் 52,000 ரூபாய் என்று மதிப்புப் போட்டுக் கொடுத்தார்கள்.

கம்பெனியிலிருந்து ஸர்வேயர் வந்தார். நல்ல மனிதர். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"அம்மா, இது டோட்டல் லாஸ்."

"அப்படீன்னா?"

"முழு நஷ்டம் என்று அர்த்தம்."

மாமிக்குப் புரியவில்லை. "முன்பக்கம்தானே நசுங்கியிருக்கு? எஞ்சின் ஓடறதே! வண்டி செத்துப்போச்சுன்னா சொல்றேள்?"

அவர் அதைத்தான் சொன்னார். பாலிசியில் எழுதியிருக்கும் தொகை 40,000. ரிப்பேருக்கு ஆகும் செலவோ 52,000. ஆகவே கணக்குப்படி அந்தக் கார் செத்துவிட்டது! நாற்பதாயிரத்தை வாங்கிக்கொண்டு காரை ஒப்படைத்துவிடலாம். இல்லை, உடைந்த காரை வைத்துக்கொள்வதானால் அதற்கு 15,000 ரூபாய் மதிப்புக் கழித்துக்கொண்டு 25,000 கொடுப்பார்கள்.

அன்று இரவு மாமி தூங்கவில்லை. காலையில் காரை வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தார். பற்றாக்குறை 27,000 ரூபாய் எங்கிருந்து வந்தது தெரியுமா? காசி யாத்திரைக்கென்று போஸ்டாபீஸில் சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து.

காரைக் காப்பாற்றியாயிற்று, காசி தள்ளிப்போயிற்று. இதில் யார்மேல் குற்றம்? ஸர்வேயர் தம் கடமையைச் செய்தார். கம்பெனி எழுதிய எழுத்துப்படி நடந்தது. மரத்தைக் கோபித்துக்கொண்டு பயனில்லை. தவறெல்லாம் டெலிபோனில் ஒரு நிமிஷத்தில் "போடுங்கோ" என்று சொன்ன அந்த நாற்பதாயிரத்தில்தான் இருந்தது.

முக்கால் பங்குக் கணக்கு

இந்தக் கணக்கை நீங்கள் ஒரு தடவை தெரிந்துகொண்டால் போதும், ஆயுசுக்கும் மறக்காது.

நம் நாட்டு மோட்டார் பாலிசிகளில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை எழுதியிருக்கும். காருக்கு நாம் அறிவித்து, கம்பெனி ஏற்றுக்கொண்ட மதிப்பு அது. கார் திருட்டுப் போனாலோ, எரிந்து சாம்பலானாலோ கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தொகை அதுதான். இது எல்லோருக்கும் தெரிந்த பகுதி.

தெரியாத பகுதி இனிமேல்தான். ரிப்பேர்ச் செலவு அந்தத் தொகையில் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால், கார் கண்ணெதிரே நின்றாலும் அது முழு நஷ்டம் என்றே கணக்கு. நாற்பதாயிரத்துக்கு முக்கால் பங்கு முப்பதாயிரம். ஐம்பத்திரண்டாயிரம் எங்கே, முப்பதாயிரம் எங்கே! ஆகவே, தொகையைக் குறைத்துப் போட்டால் பணம் குறைவாக வரும் என்பதோடு விஷயம் முடியவில்லை. காரே கையை விட்டுப் போகக்கூடும். சாதாரணக் காய்ச்சலைக்கூடக் கம்பெனியின் கணக்கு மரணம் என்று தீர்மானித்துவிடும்.

மாமியின் காருக்கு இரண்டரை லட்சம் என்று எழுதியிருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் பங்கு 1,87,500. ரிப்பேர் 52,000 என்பது அதற்கு எவ்வளவோ கீழே. "முழு நஷ்டம்" என்ற பேச்சே எழுந்திருக்காது. ரிப்பேர்க் கணக்கில் பணம் வந்திருக்கும்.

அப்போதும் 52,000-மும் வந்துவிடாது. அதையும் சொல்லிவிடுகிறேன். பாகங்களை மாற்றினால், பத்து வயதைத் தாண்டிய காரில் உலோகப் பாகங்களின் விலையில் பாதியைத் தேய்மானம் என்று கழித்துக்கொள்வார்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பாட்டரி இவற்றுக்கும் பாதி. பெயின்டின் விலையிலும் பாதி. கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. கூலிக்கும் கழிவு இல்லை. பழைய காரில் கூலிதானே அதிகம்? ஆகவே பில்லில் பாகத்தின் விலை வேறு, பெயின்ட் வேறு, கூலி வேறு என்று ஒர்க் ஷாப்காரரைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதி வாங்கினால் நஷ்டம் உங்களுக்கு.

மிஸ்டர் பீனின் புத்திசாலித்தனம்

சரியான தொகை எழுதியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஓர் உதாரணம்.

பேசாமலே நம்மைச் சிரிக்க வைக்கும் மிஸ்டர் பீனை உங்கள் குழந்தைகளுக்கு நன்றாகத் தெரியும். வேஷத்தில் அவர் ஓட்டுவது சின்னஞ்சிறு மினி கார். ஆனால் அந்த வேஷம் போட்ட ரோவன் அட்கின்ஸன் நிஜ வாழ்க்கையில் வைத்திருந்தது மக்லாரன் எஃப் 1 என்னும் அபூர்வமான கார். உலகத்தில் மொத்தமே நூற்றுச் சொச்சம்தான் தயாரித்தார்கள். 2011-ல் அவர் ஓட்டிச் சென்றபோது கார் சாலையை விட்டு விலகி மோதி, உருக்குலைந்துவிட்டது.

ரிப்பேருக்கு ஆன செலவு சுமார் 9 லட்சம் பவுன்! காரை 1997-ல் வாங்கிய விலையைவிட அது அதிகம். வாங்கிய விலைக்கே இன்ஷ்யூர் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாமியின் ஹெரால்டுக்கு ஆன கதிதான். ஆனால் இதற்குள் அந்தக் காரின் மதிப்புப் பல மடங்கு ஏறியிருந்தது. அந்த மதிப்போடு ஒப்பிட்டால் ஒன்பது லட்சம் சிறு தொகை. ஆகவே கம்பெனி ரிப்பேர் செய்து கொடுத்தது. 2015-ல் அதே காரை அவர் சுமார் 80 லட்சம் பவுனுக்கு விற்றார்.

மாமிக்கும் மிஸ்டர் பீனுக்கும் பணத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் கணக்கு ஒன்றுதான். வாங்கிய விலை என்பது பழங்கதை. இன்றைய மதிப்புத்தான் காரைக் காப்பாற்றும்.

எது பழைய கார்?

"எங்கள் வண்டி விண்டேஜ்" என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சட்டத்தில் அந்த வார்த்தைக்கு இடத்துக்கு ஓர் அர்த்தம். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

2002-ல் அமலுக்கு வந்த இந்திய மோட்டார் தாரிப்பின்படி, 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாராகி, அதற்குரிய சங்கத்தின் சான்றிதழும் பெற்ற கார்தான் விண்டேஜ். அப்படிப்பட்ட காருக்கு ஒரு பெரிய சலுகை உண்டு. "இந்தக் கார் இத்தனை லட்சம்" என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பாலிசி எழுதலாம். கார் முழுவதும் போய்விட்டால் தேய்மானம் ஏதும் பேசாமல் அந்தத் தொகையைக் கொடுத்துவிட வேண்டும். இதற்கு ஒப்புக்கொண்ட மதிப்புப் பாலிசி என்று பெயர். மதிப்பீட்டாளரின் ரிப்போர்ட் இதற்கு அவசியம்.

அரசாங்கத்தின் போக்குவரத்து இலாகா 2021-ல் வேறு விதமாக விதி வகுத்தது. முதல் தடவை பதிவாகி ஐம்பது வருஷம் தாண்டி, சொந்த உருவம் மாறாமல் இருக்கும் கார் விண்டேஜ். இருபதாயிரம் ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொண்டால் 'வி.ஏ.' என்ற எழுத்துக்களோடு தனி நம்பர் கிடைக்கும்; பழைய நம்பர் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். இப்படிப் பதிவான கார்களுக்கு 2022-ல் மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ் பிரீமியத்தில் பாதி தள்ளுபடியும் கொடுத்தார்கள். ஆனால் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்துவிடாதீர்கள்! அந்தக் காரைக் கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும் கொண்டு போகலாம். பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுத்துப் போகலாம். தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை தோறும் கபாலி கோயிலுக்கு அந்தக் காரில்தான் போவேன் என்றால், சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு வருவதுதான் உங்களுக்கு நல்லது.

மாமியின் 1967-ஆம் வருஷத்து ஹெரால்டைப் பாருங்கள். போக்குவரத்து விதிப்படி விண்டேஜ் ஆகலாம். பழைய தாரிப்பின்படி விண்டேஜ் இல்லை! நம் வீடுகளில் இருக்கும் அம்பாஸடர், பியட், மாரிஸ் மைனர் எல்லாவற்றுக்கும் இதே நிலைமைதான்.

அப்படியானால் இவற்றுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. ஐந்து வயது வரையில் காருக்கு இத்தனை சதவிகிதம் தேய்மானம் என்று அட்டவணை உண்டு. முதல் ஆறு மாதம் ஐந்து சதவிகிதம் என்று ஆரம்பித்து, ஐந்தாவது வருஷம் ஐம்பதில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு அட்டவணை கிடையாது. ஐந்து வயதைத் தாண்டிய காருக்கு, உரிமையாளரும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகையே மதிப்பு. ஒரு தடவை எழுதிவிட்டால், முழு நஷ்டம் என்று வரும்போது அந்த வருஷம் பூராவும் அதுவே மார்க்கெட் விலையாகக் கருதப்படும்.

"பேசி ஒத்துக்கொள்ளும் தொகை" என்ற மூன்று வார்த்தையைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காய்க்காரியிடம் பத்து நிமிஷம் பேரம் பேசும் நாம், இந்த இடத்தில் வாயைத் திறப்பதே இல்லை! ஏஜெண்ட் கேட்கிறார், "அதே போடுங்கள்" என்கிறோம். தீர்ந்தது பேச்சு.

மூன்று விலைகள்

சரி, பேசுவதென்று முடிவாகிவிட்டது. என்ன தொகை சொல்வது?

பழைய பட்டுப் புடவை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டி கல்யாணத்தில் உடுத்தியது. வாசலில் வரும் ஜரிகைக்காரன் ஒரு விலை சொல்வான். புடவையை எரித்தால் எத்தனை வெள்ளி கிடைக்கும் என்பதே அவன் கணக்கு. அதே மாதிரி அசல் புடவை இன்னொன்று வேண்டுமென்று தேடிப் போனால் அது ஒரு விலை. பாட்டியின் ஞாபகத்துக்கு விலையே கிடையாது.

காருக்கும் இந்த மூன்றுதான். காயலான் கடை விலை ஜரிகைக்காரன் விலை. அதைப் பாலிசியில் எழுதக் கூடாது. "விலைமதிப்பற்றது" என்பது ஞாபகத்தின் விலை. அதை எந்தக் கம்பெனியும் கொடுக்காது. பிரீமியம் கட்டியும் மாளாது. நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. இந்தக் கார் இன்று ராத்திரி போய்விட்டால், இதே வகை, இதே வயது, இதே நிலையில் இன்னொரு கார் வாங்கி ஷெட்டில் கொண்டு வந்து நிறுத்த எவ்வளவு ஆகும்? அதுதான் தொகை. ஏழு வார்த்தையில் சொல்வதானால், இழந்த மறுநாள் அதை மீண்டும் பெற ஆகும் செலவு.

அதைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில், அதே வகைக் கார் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலை வேறு. கைமாறும் விலை வேறு. வீட்டு வாடகைக்கு விளம்பரம் பார்த்திருக்கிறீர்களே, அதே சங்கதிதான். ஆகவே நாலைந்து விளம்பரங்களைக் குறித்துக்கொண்டு, விற்றவர் வாங்கியவர் யாராவது கிடைத்தால் நேரில் கேளுங்கள். பழைய கார் சங்கத்தார் தங்கள் கண்காட்சிகளில் காருக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். "என்ன விலை பெறும்?" என்று கேட்டுவிட்டால் போதும், அவர்களை நிறுத்துவதுதான் கஷ்டம்!

இரண்டாவதாக, உங்கள் காரின் நிலையை நேர்மையாகப் பாருங்கள். சொந்த எஞ்சின் இருக்கிறதா, அல்லது நடுவில் டீசல் எஞ்சின் மாற்றிப் பொருத்தினார்களா? அடித் தகடு துருப்பிடித்திருக்கிறதா? ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்கின்றனவா? அசல் மாறாமல் இருந்தால் விலை ஏறும். நாகரிகம் செய்கிறேன் என்று ஸீட், ஸ்டீயரிங், விளக்கு எல்லாவற்றையும் மாற்றியிருந்தால் விலை இறங்கும். நம் பிள்ளைகள் ஆசைப்பட்டுச் செய்யும் அலங்காரம் மதிப்பைக் கூட்டுவதில்லை.

மூன்றாவதாக, செலவழித்த பணத்தையும் மதிப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மூன்று லட்சம் செலவழித்துப் புதுப்பித்தேன், ஆகவே மூன்று லட்சம் கூடிற்று என்பது சரியல்ல. சில கார்களில் செலவில் பாதிகூட விலையில் ஏறாது. பில்களை மதிப்பீட்டாளரிடம் காட்டுங்கள். தொகையை அவர் சொல்லட்டும்.

நாலாவதாக, ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் ரிப்போர்ட் வாங்குங்கள். அதற்குக் கொடுக்கும் பணம் வீண் அல்ல. கம்பெனியோடு பேசும்போது நம் வாய்ச் சொல்லைவிட அவர் கையெழுத்துக்குப் பலம் அதிகம்.

இன்றே எடுக்க வேண்டிய போட்டோ

கல்யாணத்துக்கு ஆயிரம் போட்டோ எடுக்கிறோம். காருக்கு ஒன்று? முன், பின், இரு பக்கம், உள்ளே, டிக்கி, எஞ்சின், ஓடிய மைல் காட்டும் முள், இரண்டு நம்பர்கள், அடிப்பாகம் என்று வரிசையாக எடுத்து வையுங்கள். பில்கள், ஆர்.சி. புத்தகம், பழைய வரி ரசீதுகள், வாங்கிய நாளைய கடிதம் இருந்தால் அது, எல்லாவற்றுக்கும் நகல் எடுங்கள்.

ஒரு நகலைப் பெண் வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்து வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் காரும் முழுகிற்று. காரின் காகிதங்களும் முழுகின. காரில்லாமல் காகிதம் இருந்தால் பணம் கேட்கலாம். காரும் இல்லை, காகிதமும் இல்லை என்றால் ஞாபகம் மட்டும்தான் மிச்சம்.

இன்னொரு விஷயம். பலர் பழைய காருக்குச் சட்டத்துக்காக மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்துவிட்டு, "இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறது" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அது நம் காரால் பிறருக்கு ஏற்படும் தீங்குக்குத்தான். நம் கார்மேல் மரம் விழுந்தாலும், திருடன் ஓட்டிக்கொண்டு போனாலும் அதில் ஒரு காசு வராது. சொந்தச் சேதத்தையும் சேர்த்த பாலிசியில்தான் தீ, திருட்டு, வெள்ளம், புயல், கலவரம் எல்லாம் அடங்கும். அதிலும் துருவுக்கும் தேய்வுக்கும், தானாக எஞ்சின் பழுதாவதற்கும் இடமில்லை. அதற்கு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்தான் இன்ஷ்யூரன்ஸ்!

எவ்வளவு கூடுதலாக ஆகும்?

"எல்லாம் சரி. தொகையை ஏற்றினால் பிரீமியம் ஏறுமே?" என்று கேட்பீர்கள். குடும்பம் நடத்துகிறவர்களின் கேள்வி அது, நியாயமான கேள்வி.

பழைய தாரிப்பின்படி, சென்னை போன்ற பெரிய நகரத்தில், பத்து வயதைத் தாண்டிய சிறிய காருக்குச் சொந்தச் சேதப் பிரீமியம் மதிப்பில் நூற்றுக்கு மூன்று ரூபாயும் சில்லறையும். அதாவது ஒரு லட்சம் கூட்டினால் வருஷத்துக்குச் சுமார் மூவாயிரத்து நானூறு ரூபாய். மாதத்துக்கு முந்நூறுக்கும் கீழே. 2007 முதல் கம்பெனிகள் தங்கள் விலையைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. ஆகவே இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள். கேட்கும்போது, "பிரீமியம் எவ்வளவு?" என்று ஆரம்பிக்காதீர்கள். "எவ்வளவு மதிப்புக்கு ஒத்துக்கொள்வீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். பிரீமியம் பிறகு வரட்டும்.

ஏற்ற வேண்டும் என்பதற்காக ஆகாசத்துக்கும் ஏற்றக் கூடாது. இரண்டு லட்சம் பெறும் காருக்கு எட்டு லட்சம் என்று எழுதப் பார்த்தால் கம்பெனி சம்மதிக்காது. சம்மதித்தாலும், நஷ்டம் வந்த அன்று கேள்வி பிறக்கும். அதுவரை வருஷா வருஷம் கட்டிய பிரீமியம் தண்டம். நம்மால் நிரூபிக்க முடிகிற தொகையே நல்ல தொகை.

ஒரு தடவை நிர்ணயித்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். புதிய காரின் மதிப்பு வருஷா வருஷம் இறங்கும். நன்றாக வைத்திருக்கும் பழைய காரின் மதிப்பு ஏறவும் கூடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, இந்தத் தொகையையும் ஒரு தடவை தூசி தட்டிப் பாருங்கள்.

மாமி சொன்ன பதில்

மந்தைவெளி மாமியை அங்கேயே விட்டுவிட்டேனே! ஹெரால்டின் மூக்கு நேராகி, பழைய நிறத்திலேயே பெயின்டும் அடித்தாயிற்று. மாமி இந்தத் தடவை சும்மா இருக்கவில்லை. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு விசாரித்தார். அதே மாதிரி நன்றாக இருந்த ஹெரால்டு ஒன்றுக்கு இரண்டரை லட்சம் கேட்டார்கள். இன்னொன்று இரண்டே காலுக்குக் கைமாறியது. மதிப்பீட்டாளர் வந்து பார்த்து இரண்டேகால் லட்சம் என்று எழுதிக் கொடுத்தார். பேரன் போட்டோ எடுத்தான்.

புதுப்பிக்கும் காலம் வந்தது. டெலிபோன் மணி அடித்தது.

"மாமி, இந்த வருஷமும் அதே..."

"இருங்கோ. அதே இல்லை. இரண்டேகால் லட்சம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மாமி, வண்டிக்கு ஐம்பது வயசாறதே?"

"எனக்கு எழுபத்திரண்டு ஆறது. அதனால என் மதிப்புக் குறைஞ்சு போயிடுத்தா? ரிப்போர்ட் இருக்கு, போட்டோ இருக்கு. வந்து பார்த்துட்டு எழுதுங்கோ!"

ஏஜெண்ட் வந்தார். பார்த்தார். கம்பெனியில் பேசி எழுதிக்கொண்டும் வந்தார். பிரீமியம் ஆறாயிரத்துச் சொச்சம் கூடிற்று. மாமி முணுமுணுக்காமல் எடுத்துக் கொடுத்தார்.

"அவர் இருந்தா, வண்டிக்கு விலை பேசறதே பாவம்னு சொல்லியிருப்பார்" என்று மாமி என்னிடம் சொன்னார். "நானும் அப்படித்தான் நெனச்சிண்டிருந்தேன். விலை பேசாம விட்டதாலதான் அன்னிக்கு வண்டி கையை விட்டுப் போகப் பார்த்தது."

அடுத்த மாசியில் மாமி காசிக்கும் போய் வந்துவிட்டார். ரெயிலில்தான்! ஸ்டேஷனுக்குப் போனது மட்டும் ஹெரால்டில்.

உங்கள் வீட்டு ஷெட்டிலும் ஒன்று நிற்கிறதா? இன்று சாயங்காலம் பாலிசியை எடுத்துப் பாருங்கள். அதில் எழுதியிருக்கும் தொகையில் முக்கால் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். பிறகு ஷெட்டுக்கு மேலே நிற்கும் மரத்தையும் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்!